காற்றடிக்கக் கற்றல்

ஊதுதல் வேறு, அடித்தல் வேறு. குழலை ஊதுகின்றோம், சங்கை ஊதுகின்றோம், அணையும் அடுப்பை ஊதுகின்றோம். துவிச்சக்கரவண்டியின் சில்லுக்கு மாத்திரம் காற்றை ஊதுகின்றோம் என்று யாழ்ப்பாணத்தில் எவருஞ் சொல்வதில்லை. காற்றடிக்கின்றோம் என்றே சொல்வர். ஆணி அடித்தல், முளை அடித்தல் என்பவற்றோடு வைத்து எண்ணத்தக்க வழக்கு இது. எதிர்த்து நிற்கும் ஒன்றினுள்ளே விசைகொண்டு மற்றொன்றைப் புகுத்துதலே இங்கு அடித்தலாகும். ரியூப்பினுள் முன்னரே புகுந்திருக்குங் காற்றுப் பின்னே வருங் காற்றை எதிர்க்கின்றது என்னும் பௌதிக உண்மையை, பாடநூல் பாராத நம் உழவரும் தச்சரும் இவ்வொரு வினைச்சொல்லால் உணர்த்திவிட்டனர்.

இலக்கணம் படிப்பிக்கும் ஒருவனுக்குச் சைக்கிள் காற்றோடு என்ன வழக்கு என்று அன்பர் சிலர் முறுவலிக்கக்கூடும். வழக்கு உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளிற் பலர் இன்றும் பாடசாலைக்குச் சைக்கிளிலேயே வருகின்றனர். அவர்களுட் பெரும்பாலார்க்குத் தம் வண்டிக்குத் தாமே காற்றடிக்கத் தெரியாது. வீட்டிற் பம்பும் இல்லை. சந்திக் கடையின் பொறியை நம்பியே அவர்தம் சில்லுகள் உருள்கின்றன. காற்றடிக்குங் கருவியும் அதனைப்பற்றிய அறிவும் வண்டியை ஓட்டுவோர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. அதற்கான காரணங்களை முறையே கூறுவேன்.

முதலில் வாயிலைப்பற்றிச் சொல்லுதல் தகும். காற்றை உள்ளே விட்டு வெளியே விடாத அச்சிறு பித்தளைக் கருவியை நம்மவர் வால்கட்டை என்பர். ஆங்கிலச் சொல்லின் ஓசையிலிருந்து வாலை எடுத்து, உருவத்திலிருந்து கட்டையை எடுத்துப் பொருத்திக்கொண்டனர் போலும். எந்தச் சொல்லாக்கக் குழுவும் கூடிச் செய்யாத சொல். ஆயினும் நின்று நிலைத்துவிட்டது.

பழைய றலி முதலிய வண்டிகளில் நாம் கண்ட வால்கட்டை, டன்லொப் வால்வு என்றும் வூட்ஸ் வால்வு என்றும் பெயர் பெறும். அதன் அமைப்பு மிக எளிது. உட்டுளையுள்ள ஒரு சிறு கட்டை. அதன் பக்கத்தில் ஒரு சிறு துவாரம். அத்துவாரத்தை மூடிக் கட்டையின்மேல் மாட்டப்பட்ட மெல்லிய இறப்பர் உறை. இவ்வுறையையே வால்ரியூப் என்கின்றோம். பம்பின் காற்று உட்டுளையால் வந்து, பக்கத் துவாரத்தால் வெளிப்பட்டு, இறப்பரை நெகிழ்த்திக்கொண்டு ரியூப்பினுட் செல்லும். பம்பு ஓய்ந்தவுடன் உள்ளிருக்குங் காற்றே அவ்விறப்பரைத் துவாரத்தின்மேல் அழுத்தி வழியை அடைத்துவிடும். வெளியேற விரும்புங் காற்றே தன்னை அடைக்குங் கதவுக்குத் தாழாகின்றது!

இதன் குறைகளையும் மறைத்தல் ஆகாது. வெயிலாலும் எண்ணெயாலும் இறப்பர் நாளடைவில் இற்றுப்போகும். இறப்பரை நெகிழ்த்தவேண்டியிருத்தலால் அடிப்பவனுக்குச் சற்று மிகுதியான விசை வேண்டும். இறப்பர் இடையே மூடி நிற்பதால், சாதாரண அமுக்கமானியை வாயில் வைத்து உள்ளமுக்கத்தைச் செவ்வையாக அளத்தலும் இயலாது. ஆயினும் ஒரு பெருஞ் சிறப்பு உண்டு. பழுதுற்றால் அரையங்குல இறப்பர்க் குழாய் ஒன்றே அதற்கு மருந்து. வேறு கருவி வேண்டா, விரல்கள் போதும்.

இரண்டாவது வகை சிரேடர் வால்வு. மோட்டார் வண்டிகளின் சில்லுகளில் இருப்பதும் இதுவே. இதனுள்ளே வில்லால் தாங்கப்பட்ட ஓர் ஊசி உண்டு. அதை அழுத்தினால் வழி திறக்கும், விட்டால் மூடும். அமுக்கத்தை அளத்தலும், மிகுந்த காற்றைச் சிறிது சிறிதாக விடுதலும் இதில் எளிது. புதிதாக வரும் வண்டிகள் பலவற்றில் இதனையே காண்கின்றோம். மூன்றாவது, பிறெஸ்ரா என்னும் மெலிந்த வகை. ஒடுங்கிய சில்லுகளையுடைய பந்தய வண்டிகளுக்கு உரியது. அதன் நுனியிலுள்ள சிறு சுரையை முதலிலே தளர்த்திய பின்னரே காற்றடித்தல் வேண்டும். இதனை அறியாது பம்பை அமர்த்துவோர் நெடுநேரம் முயன்றும் பயன் காணார்.

காற்றடைத்த ரயரின் வரலாறும் சுருங்கச் சொல்லத்தக்கது. பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த யோன் போய்ட் டன்லொப், தம் மகனுடைய மூன்று சில்லு வண்டிக்கென்று செய்த ரயருக்கு 1888 இல் உரிமை பெற்றார். ஆனால், றொபேட் வில்லியம் தொம்சன் என்பவர் 1845 இலேயே அத்தகைய உரிமை பெற்றிருந்தமை பின்னர் வெளிப்பட, டன்லொப்பின் உரிமை செல்லாதாயிற்று. இதற்கிடையில், பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூத் தோட்டத்தில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876 இல் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. எனவே, சில்லுக்கு வேண்டிய இறப்பர் இந்நாட்டு மண்ணிலேயே விளையத் தொடங்கிவிட்டது. அச்சில்லை நன்னிலையில் வைத்திருக்கும் அறிவே பரவுதல் வேண்டும்.

இனிப் பம்பு. கைப்பம்பைப் பிரித்துப் பார்த்த பிள்ளைகள் மிகச் சிலர். உள்ளே தண்டின் நுனியில் கிண்ணம்போல் வளைந்த ஒரு தோல் வாசர் இருக்கும். தண்டை மேலே இழுக்கும்போது தோலின் விளிம்பு உட்சுருங்கி, மேலிருக்குங் காற்றைக் கீழே விடும். கீழே அழுத்தும்போது அவ்விளிம்பு விரிந்து உருளையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். காற்றுக்கு வால்கட்டையை நோக்கிச் செல்லுதலன்றி வேறு வழியில்லை. தோல் உலர்ந்து சுருங்கினால் எவ்வளவு அடித்தும் காற்றேறாது. இரண்டு துளி எண்ணெய் விட்டு விளிம்பை விரித்துவிட்டால் பம்பு உயிர்பெறும். கடையிற் போட்டுவிடும்படி ஒதுக்கப்படும் பம்புகளிற் பல, இந்த இரண்டு துளிக்காகவே காத்திருக்கின்றன.

தோலைக்கொண்டு காற்றை ஆளும் இவ்வித்தை நமக்குப் புதிதன்று. கொல்லனுடைய துருத்தியும் தோலாலாயதே. அவன் காலால் மிதித்துக் காற்றெழுப்பிய மெல்லிய தோல் துருத்தியைச் சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகின்றது. இன்று காலால் மிதித்துக் காற்றடிக்கும் பம்பைக் கண்டு இது அந்நியர் பொருள் என்று நாம் ஒதுங்கவேண்டியதில்லை; உலைக்களத்திலிருந்த உறவினன் சைக்கிள் கொட்டகைக்கு வந்திருக்கின்றான் என்றே கொள்ளலாம்.

பிள்ளைகளால் அடிக்க முடியுமா என்று கேட்பார் உளர். கணக்கிட்டுப் பார்ப்போம். நம் வீதிகளில் ஓடும் 28 அங்குலச் சில்லுக்குச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50 இராத்தல் அமுக்கம் போதும். சரியான அளவு ரயரின் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். உருளையின் விட்டம் ஓர் அங்குலமாயின், அதன் குறுக்குப்பரப்பு ஏறத்தாழ முக்காற் சதுர அங்குலம். எனவே, இறுதி அடிக்கு வேண்டும் விசை 40 இராத்தலுக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் உடற்பாரத்தைத் தண்டின்மேற் சாய்த்தாலே இவ்விசை கிடைத்துவிடும். விட்டம் ஒன்றரை அங்குலமாயின், வேண்டும் விசை 88 இராத்தலாக உயரும். அது பிள்ளைக்கு ஒவ்வாது. பெரிய பம்பு நல்ல பம்பு என்று எண்ணி வாங்குவோர் இதனை நோக்குக. ஒடுங்கிய பம்புக்கு அடிகள் கூடும். ஆனால், கை சளைக்காது.

ஏன் இவ்வளவு அமுக்கம் வேண்டும்? காற்றுக் குறைந்த சில்லு குழியில் விழும்போது, இரும்பு வளையத்துக்கும் கல்லுக்கும் இடையில் ரியூப் நசுங்கி, அருகருகே இரண்டு வெட்டுகள் விழும். முட்கிளுவை வேலியின் முள்ளையும் நெருஞ்சி முள்ளையும் குற்றஞ்சாட்டிக்கொண்டே ஒட்டுப்போடும் பலருடைய வண்டியில், உண்மைக் குற்றவாளி காற்றுக்குறைவே. அன்றியும், தளர்ந்த ரயர் வளையத்தின்மேல் சிறிது சிறிதாக நகரும். அதனோடு ரியூப்பும் நகர, வால்கட்டை சாயும். ஒருநாள் அடியோடு கிழியும். சாய்ந்து நிற்கும் வால்கட்டையைக் கண்டால் அதனை ஓர் எச்சரிக்கையாகக் கொள்க.

இனி, கொம்பிறசர் என வழங்குங் காற்றமுக்கிப் பொறி. அதனை நான் பகைக்கின்றேனல்லேன். லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் அதுவே தக்கது. ஒட்டுப்போடுபவருடைய முதுகை வளையாமற் காத்த உபகாரியும் அது. ஆயின், அதன் தாங்கியிற் காற்று 100 இராத்தலுக்கு மேற்பட்ட அமுக்கத்தோடு அடைபட்டிருக்கும். சைக்கிள் ரியூப்போ மிகச் சிறிய கொள்கலம். சில கணத்தில் நிரம்பிவிடும், மறுகணத்தில் மிகும். ரயரின் விளிம்பு வளையத்தில் ஒழுங்காக அமராதிருப்பின், ரியூப் வெளியே பிதுங்கி வெடிக்கும். கைப்பம்பில் ஒவ்வோர் அடியும் உள்ளங்கைக்கு ஒரு செய்தி சொல்கின்றது. பொறியில் அச்செய்தி இல்லை. ஆதலால், பொறியைப் பயன்படுத்துவோர் இடைவிட்டு இடைவிட்டுக் காற்றைச் செலுத்தி, விரலால் அமுக்கிப் பார்த்தல் வேண்டும். அதன் வாய் பெரும்பாலும் சிரேடர் வகைக்கே அமைந்தது; பழைய வால்கட்டைக்கு இடையிலே ஒரு பித்தளை இணைப்பு வேண்டும். அவ்விணைப்புத் தொலைந்துவிட்டது என்று கடைக்காரர் கைவிரித்தால் பிள்ளை வண்டியை உருட்டிக்கொண்டு போகவேண்டியதுதான்.

சித்திரை வெயிலில் நிறுத்தினால் ரயர் வெடிக்கும் என்று அஞ்சிக் காற்றைக் குறைத்து வைப்போரும் உண்டு. 50 இராத்தல் காட்டும் ரயரில் வளிமண்டலத்தின் 15 இராத்தலையுஞ் சேர்த்து முழு அமுக்கம் 65 ஆகும். வெப்பநிலை 30 பாகையிலிருந்து 50 பாகைக்கு உயர்ந்தால், அமுக்கம் ஏறத்தாழ 4 இராத்தலே கூடும். நல்ல ரயருக்கு இது பொருட்டன்று. முன்னரே பொறியால் அளவிறந்து அடைக்கப்பட்டதும், நூல் தெரியத் தேய்ந்ததுமான ரயரே வெயிலில் வெடிக்கின்றது. பழியை வெயிலோன்மேற் போட்டுவிடுகின்றோம்.

இவையெல்லாம் வசதியைப்பற்றிய பேச்சுகள். இவற்றினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. அதனை இக்குடாநாட்டின் அண்மைக்கால வரலாறு நமக்குக் கற்பித்திருக்கின்றது. 1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையாற் பெற்றோலும் மின்கலமும் கிட்டாப் பொருள்களாயின. அக்காலத்தில் நான் இளைஞன். நோயாளியைச் சுமந்ததும், விறகையும் நெல்லையும் சுமந்ததும், பிள்ளைகளைப் பரீட்சை மண்டபத்துக்குக் கொண்டுசேர்த்ததும் சைக்கிளே. தலைகீழாக நிறுத்திய வண்டியின் மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்னால் வானொலிச் செய்தி கேட்டோம். ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்தபோது கிளாலிக் கடனீரேரியைக் கடந்த படகுகளில் மனிதரோடு சைக்கிள்களும் ஏறின. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, பல குடும்பங்களின் உடைமை முழுவதும் ஒரு சைக்கிளின் சட்டத்திலும் பின்கரியரிலும் அடங்கியிருந்தது.

அவ்வண்டிகளுக்குக் காற்றடித்தது எந்தப் பொறி? மின்சாரமின்றி எந்தக் கொம்பிறசரும் இயங்கவில்லை. தோல் வாசர் பூட்டிய கைப்பம்பே அவற்றை உருளச் செய்தது. வால்ரியூப்பின் முனை வெடித்தால், வெடித்த பகுதியைக் கத்தரித்துவிட்டு எஞ்சியதைக் கீழே இழுத்து மாட்டுவோம். ரயர் கிழிந்தால் பழைய ரயர்த் துண்டொன்றை உள்ளே வைத்து ஓட்டுவோம். ஒரு வீட்டுப் பம்பு ஒழுங்கை முழுவதற்கும் பொதுவாக இருந்தது. 2006 ஓகஸ்ற் மாதத்தில் ஏ-9 பாதை முகமாலையில் மீண்டும் மூடப்பட்டபோதும் அதே பாடத்தைப் படித்தோம். போர் முடிந்து பல ஆண்டுகள் சென்றபின், 2022 இல் நாடு முழுவதும் அதனைப் படித்தது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. மார்ச்சு மாத இறுதியில் ஒரே நாளிற் 13 மணிநேர மின்வெட்டு. மூலையிற் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் துடைக்கப்பட்டன. பம்பு வைத்திருந்தவர் வீட்டுப் படலையில் அயலார் வந்து நின்றனர்.

இடர்க்காலம் மீண்டும் வரும் என்று அச்சுறுத்துதல் என் நோக்கமன்று, வாராதொழிக! இடரில்லாக் காலத்திலும் இழப்பு உண்டு என்பதையே காட்ட விரும்புகின்றேன். என் வகுப்பில் மூன்று மைல் தொலைவிலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஒரே மாதத்தில் நான்கு நாள் இரண்டாம் பாடம் முடியும் வேளையில் வந்து சேர்ந்தாள். காரணம் வினவினேன். “காத்துப் போட்டுது ஐயா. கடை ஒன்பது மணிக்குத்தான் திறப்பினம்,” என்றாள். வால்ரியூப் இற்றிருந்தமையே நோய். அரையங்குல இறப்பர் இல்லாமையால் நான்கு நாட் காலைப் பாடங்கள் போயின. வரவுப் பதிவேடு அவளைப் பிந்தியவள் என்று எழுதிக்கொண்டது; வால்ரியூப்பை எழுதவில்லை.

இன்னொரு கொடுமையையும் ஆசிரியர்கள் நன்கறிவர். பாடசாலைக் கொட்டகையிற் பிறருடைய வால்கட்டையைப் பிடுங்கி எறிதலைப் பையன்கள் விளையாட்டென்று கொள்கின்றனர். பிடுங்கியவனுக்கு அது கணநேரச் சிரிப்பு. மாலை வகுப்பு முடிந்து, இருள் கவியும் ஒழுங்கையில் வண்டியை உருட்டிச் செல்லும் பெண்பிள்ளைக்கும், வாயிலில் விழி வைத்துக் காத்திருக்குந் தாய்க்கும் அது சிரிப்பாகுமா? பிரம்பால் இதனை முற்றாக ஒழிக்க இயலாது. கொட்டகையில் ஒரு பம்பும் நாலைந்து வால்கட்டைகளும் இருந்தால், கேடு ஐந்து நிமிடத்தில் நீங்கும். கேடு செய்பவனுக்கும் அதில் சுவையில்லாது போகும்.

பெண்பிள்ளைகளுக்கு இதனைக் கற்பித்தல் வேண்டுமா, அண்ணனோ தந்தையோ அடித்துக் கொடுக்கமாட்டார்களா என்று தாய்மார் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அண்ணன் வெளிநாட்டில், தந்தை வயலில் அல்லது கடலில். சில வீடுகளில் தந்தையே இல்லை. போருக்குப்பின் தாயொருத்தியே தாங்கும் இல்லங்கள் இங்கு எத்தனை என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? அத்தகைய இல்லத்துப் பிள்ளைக்குப் பம்பு ஓர் ஆண்துணைக்கு ஒப்பாகும். அடிக்கத் தெரிந்த கை அதனினும் மேலான துணையாகும்.

பழைய வால்கட்டையே சிறந்தது, புதியதைத் தள்ளுக என்று நான் கூறவில்லை. டன்லொப் வகை பிற்பட்ட நாடுகளின் பொருள் என்பதும் பிழை. யப்பானிலும் ஒல்லாந்திலும் அன்றாடச் சைக்கிள்களில் அது இன்றும் வழங்குகின்றது. புதுவண்டியிற் சிரேடர் வகை வந்தால் அதனையும் மகிழ்ந்து ஏற்போம். எந்த வாயிலாயினும் அதற்குப் பொருந்துந் தலையுடைய பம்பு ஒன்று வீட்டில் இருக்கின்றதா என்பதே கேள்வி. சந்திக் கடைக்காரர்க்கும் இதனால் இழப்பு வாராது. பிள்ளைகளின் சில்லுகள் நன்னிலையில் ஓடினால் சைக்கிள்கள் பெருகும். பெருகினால் அவருக்கு வேறு வேலைகளும் பெருகும்.

எனவே, அதிபர்களுக்கும் பழைய மாணவர் சங்கத்தார்க்கும் என் வேண்டுகோள் இது. பாடசாலைதோறும் சைக்கிள் கொட்டகையில், ஒடுங்கிய உருளையும் இரு வகை வாயிலுக்கும் பொருந்துந் தலையும் உடைய நிற்பம்பு ஒன்றைச் சங்கிலியிட்டு வைக்க. அதனருகே வால்ரியூப், வால்கட்டை, சிறு எண்ணெய்ப் புட்டி ஆகியவற்றை ஒரு பெட்டியிலிட்டு, மூத்த மாணவர் இருவரைப் பொறுப்பாக்குக. ஆறாந்தரப் பிள்ளைகளுக்கு, ஆணென்றும் பெண்ணென்றும் பாராது, ஒரு பாடவேளை ஒதுக்கி வால்கட்டையைக் கழற்றவும் மாட்டவும், வாயில் ஒரு துளி நீர் வைத்துக் கசிவறியவும், அளவறிந்து காற்றடிக்கவும் கற்பிக்க. விளையாட்டுப்போட்டிக்குப் பந்தலும் மாலையும் வாங்குஞ் செலவில் ஒரு சிறுபகுதி இதற்குப் போதும்.

நானும் என் பாடசாலையில் அதிபரிடம் இதனை எழுத்தில் கேட்டிருக்கின்றேன். அடுத்த தவணை தொடங்குமுன் ஏனைய பாடசாலைகளிலும் யாரேனும் ஒருவர் கேட்பாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் கிடைத்ததாகும்.